பட்டறை மேசைக்கு லேமினேட்: எது உழைக்கும், ஏன்?

மக்கள் வழக்கில் சன்மைக்கா எனப்படும் உயர் அழுத்த லேமினேட், ஃபீனால் பிசினில் ஊறிய கிராஃப்ட் தாள்களை அடுக்கி, மேலே மெலமைன் பிசின் ஏற்றிய அலங்காரத் தாளை வைத்து, 120 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அழுத்தி உருவாக்கப்படுகிறது. அவ்வெப்பத்தில் பிசின் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து, மீண்டும் உருகாத வலையாக இறுகிவிடுவதால், எண்ணெயும் கிரீசும் எளிதில் உள்ளிறங்குவதில்லை. எனினும், சூடான சால்டரிங் அயர்ன் பட்ட இடம் கருகிக் கொப்புளிக்கும்.

சுத்தியலடியைத் தாங்குவது 1 மில்லிமீட்டர் லேமினேட் அன்று, அடியிலுள்ள பலகையே. மரத்துகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு ஈரத்தில் உப்பிவிடுமாதலால், தடித்த பிளைவுட்டே ஏற்றது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், ஈரப்பதம் மாறும்போது இரு பக்கங்களும் சமமின்றி விரிந்து சுருங்கிப் பலகை வளையக்கூடும். ஆகவே அடிப்பக்கத்திலும் லேமினேட் ஒட்டி, எளிதில் சில்லு பெயரும் விளிம்புகளுக்கு மரச்சட்டம் அடிப்பது நல்லது.