இது யார் செய்த பாவம்?

பிறவிக் குருடர் ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, இவரைப் பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் வினவினர். இருவரும் காரணரல்லர் என்று அவர் தெளிவுபடுத்தினார். ஆயினும் அக்கேள்வி மனித உள்ளத்தை விட்டு இன்னும் அகலவில்லை. பரம்பரை நோயுள்ள குடும்பங்களைக் கண்டு உலகம் இன்றும் அதையே கேட்கிறது.

1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லியோனோர் வெக்ஸ்லர் என்னும் பெண்மணி தெருவைக் கடந்துகொண்டிருந்தார். அவருடைய தள்ளாடும் நடையைக் கண்ட காவலர் ஒருவர், விடிந்ததும் விடியாததுமாகக் குடித்திருப்பதற்கு வெட்கமில்லையா என்று அதட்டினார். அந்த அம்மையார் குடித்திருக்கவில்லை. அவருடைய தந்தையின் உயிரையும் மூன்று சகோதரர்களின் உயிரையும் பறித்த ஹன்டிங்டன் நோய் அவரையும் பற்றியிருந்தது.

இந்நோயை 1872-இல் தெளிவாக விவரித்தவர் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற 22 வயது மருத்துவர். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில் நோய் தலைகாட்டுகிறது. மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. கைகால்கள் தாமாகவே அசைகின்றன, பேச்சு குழறுகிறது, சிந்தனை தளர்கிறது, மனநிலையும் மாறுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. சுண்டிவிட்ட நாணயம் பூவாக விழுமா, தலையாக விழுமா என்பது போன்ற நிலை அது.

லியோனோருக்கு ஆலிஸ், நான்சி என இரு புதல்வியர். தாயின் நோயை அறிந்த நாளிலேயே தங்கள் நிலையையும் அவர்கள் அறிந்தனர். தந்தை மில்ட்டன் வெக்ஸ்லர் அதே ஆண்டில் பரம்பரை நோய் ஆராய்ச்சிக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். இளையவரான நான்சி இந்நோயின் மூலத்தைத் தேடுவதையே தம் வாழ்நாள் பணியாக்கினார்.

தென் அமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டின் மரக்காய்போ ஏரிக்கரைச் சிற்றூர்களில் இந்நோய் மிகுதியாக இருப்பதை 1950-களில் அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற மருத்துவர் கண்டறிந்திருந்தார். அவரும் முதலில் நோயாளியைக் குடிகாரர் என்றே எண்ணினாராம்! ஊரார் அந்நோயின் பெயரைச் சொல்லவும் அஞ்சி, 'அந்தக் கேடு' என்று மட்டுமே குறிப்பிட்டனர்.

1979-இல் முதன்முறையாக அங்கே சென்ற நான்சி, 1981 முதல் ஆண்டுதோறும் ஒரு குழுவினருடன் சென்றார். ஆய்வுக்குத் தோலும் இரத்தமும் கொடுக்க ஏழை மீனவ மக்கள் தயங்கினர். தம் தாய்க்கும் இதே நோய் என்று நான்சி கூறினார். ஆய்வுக்காகத் தம் தோலை வெட்டிக் கொடுத்த தழும்பையும் அவர்கள் கண்டனர். இவர் நம்மைச் சேர்ந்தவரே என்று உணர்ந்தபின் கைகளை நீட்டினர். காலப்போக்கில் 4,000-க்கு மேற்பட்டோரின் இரத்த மாதிரிகள் சேர்ந்தன. 18,000-க்கு மேற்பட்டோர் அடங்கிய வம்ச அட்டவணையும் உருவாயிற்று.

அந்த இரத்தம் வீண்போகவில்லை. 1983-இல் ஜேம்ஸ் குசெல்லாவும் அவருடைய சகாக்களும் நோயின் இருப்பிடத்தைக் காட்டும் அடையாளத்தை நான்காம் குரோமோசோமில் கண்டனர். மேலும் பத்தாண்டு உழைப்புக்குப் பின், 1993-இல் ஆறு குழுக்களைச் சேர்ந்த 58 அறிஞர்கள் அந்த மரபணுவையே கண்டுபிடித்தனர். அதில் சி, ஏ, ஜி என்ற மூன்று வேதி எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை 35 தடவைக்கு மிகாதவரை நோயில்லை. 40-ஐ எட்டினால் நோய் வருவது உறுதி. இடைப்பட்டோருக்கு வரலாம், வராமலும் போகலாம். சாபமென்று உலகம் அஞ்சியது, ஓர் எழுத்துப்பிழையே!

இன்று நோயை முன்கூட்டியே பரிசோதித்து அறியலாம்; ஆயினும் முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனவே தன் எதிர்காலத்தை அறிவதா, அறியாதிருப்பதா என்பதை ஒருவர் தாமே, நல்ல ஆலோசனையுடன் முடிவுசெய்ய வேண்டுமென நான்சி வலியுறுத்தினார். 2020-இல், தம் 74-ஆம் வயதில், அந்நோய் தமக்கும் வந்துள்ளதை அவர் உலகறியச் சொன்னார்.

2017 மே 18 அன்று, வெனிசுவேலா உள்ளிட்ட நாடுகளிலிருந்து வந்த இந்நோயாளிகளையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் சந்தித்து அரவணைத்தார். இனி மறைந்து வாழவேண்டாம் என்பதே அச்சந்திப்பின் மையக்கருத்து. மனிதக் கருவை அழிக்கும் ஆராய்ச்சியை உயர்ந்த நோக்கமும் நியாயப்படுத்தாது என்பதையும் அவர் நினைவூட்டினார்.

அன்புக் குடும்பத்தாரே, மறைத்தவர்களால் அன்று, கையை நீட்டியவர்களாலேயே இவ்வறிவு உலகுக்குக் கிட்டியது. மருந்து பிறக்கும் நாளில் அது அந்த ஏரிக்கரை ஏழைகளையும் சென்றடைவதே நீதி. நாமோ, நோயாளியை உள்ளறையில் ஒளித்துவைக்கும் வழக்கத்தைக் கைவிடுவோம். தள்ளாடி நடக்கும் ஒருவரை நாளை தெருவில் கண்டால், குடிகாரரெனத் தீர்ப்பிடுமுன் அவருக்குக் கைகொடுப்போம்.