ஜாக்கி (பாரம் உயர்த்தும் கருவி)

ஜாக்கி என்பது மிகுந்த எடையுள்ள பொருளைக் குறைந்த விசையைக் கொண்டு சிறிது உயரத்துக்கு உயர்த்த உதவும் கருவியாகும். திருகு ஜாக்கி, நீரியல் ஜாக்கி ஆகிய இரண்டும் பரவலாகப் பயன்படும் வகைகள். ஜாக்கியின் மீது எழுதப்பட்டிருக்கும் டன் அளவு கருவியின் வலிமையை மட்டுமே குறிக்கும்; அதன் அடியிலுள்ள நிலத்தின் வலிமையை அது குறிப்பதில்லை. மேடுபள்ளமான அல்லது சேறான நிலத்தில் ஏற்படும் விபத்துகள் பலவற்றுக்கு இதைக் கவனியாமையே காரணம்.

காவிரிப் பாலம்

திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976 இல் திறக்கப்பட்டது. சீரமைப்புக்காக 2022 இல் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2023 இல் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பணியில் பாலத்தின் மேல்தளம் நீரியல் ஜாக்கிகளால் உயர்த்தப்பட்டு, அடியிலிருந்த தாங்கிகள் மாற்றப்பட்டன. இத்தகைய பணிகளில் பல ஜாக்கிகளை ஒருசேர இயக்கி, தளம் ஒருபுறம் சாயாதவாறு மெல்ல உயர்த்துவர். தூண்களின் கற்காரை உறுதியானது என்பதால், அங்கு ஜாக்கி புதைந்துவிடும் என்ற கவலை இல்லை.

அதே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட வண்டல் வயலில் ஓர் அறுவடை இயந்திரம் சிக்கிக்கொண்டால் நிலைமை முற்றிலும் வேறு.

நிலத்தின் தாங்குதிறன்

ஒரு ஜாக்கியின் அடித்தட்டு 12 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் கொண்டது எனக் கொள்வோம். அதன் பரப்பு 144 சதுர செ.மீ. அதன் மேல் 5 டன் எடை வந்தால், ஒவ்வொரு சதுர செ.மீ. நிலமும் ஏறத்தாழ 35 கிலோகிராம் தாங்க வேண்டும். ஈரமான மென்களிமண்ணுக்கு 0.5 கிலோகிராம் அளவே பாதுகாப்பானது எனலாம். எனவே இயந்திரம் உயராது. ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும். 5,000 கிலோகிராமை 0.5 ஆல் வகுத்தால் 10,000 சதுர செ.மீ., அதாவது ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட அடிப்பலகை தேவை எனத் தெரிகின்றது. மெல்லிய பலகை நடுவில் வளைந்துவிடும் என்பதால், தடித்த ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவதே முறை.

வகையைத் தெரிதல்

திருகு ஜாக்கியில் புரியின் சாய்வு குறைவாகவும் உராய்வு மிகுதியாகவும் இருப்பதால், கையை எடுத்தாலும் பாரம் தானாக இறங்காது. அதே உராய்வினால், செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் வீணாகின்றது. பெரும் பாரத்துக்குக் கைகள் சோர்ந்துவிடும்.

நீரியல் ஜாக்கி பாஸ்கல் விதிப்படி இயங்குவது. சிறிய உருளையில் தரும் அழுத்தம் எண்ணெய் வழியாகப் பெரிய உருளைக்குச் சென்று பெருவிசையாகின்றது. ஆனால் அடைப்பு வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் கசிந்து பாரம் மெல்ல இறங்கும். வளையம் திடீரெனக் கிழிந்தால் ஒரு நொடியில் இறங்கும். மேலும், போத்தல் வடிவ ஜாக்கிகள் பல நிமிர்ந்த நிலையில் மட்டுமே சரியாக இயங்குவன.

மணற்பாங்கான இடத்துக்குக் காற்றுப்பை ஜாக்கி ஏற்றது. பரந்த பரப்பில் அழுத்துவதால் அது எளிதில் புதைவதில்லை. கூரிய கற்களும் சூடான புகைக்குழாயும் அதற்கு ஆகா.

10 டன் இயந்திரத்தின் ஒரு முனையை மட்டும் உயர்த்தினால் ஏறத்தாழ 5 டன்னே ஜாக்கியின் மேல் வரும் என்பது சமதளக் கணக்கு. சாய்வில் எடை ஒருபக்கம் கூடுவதாலும், சேறு சக்கரத்தைப் பற்றி இழுப்பதாலும், கணக்கிட்ட எடையைப் போல் ஒன்றரை மடங்காவது திறனுள்ள ஜாக்கியைக் கொள்வது நல்லது.

சாய்வும் முட்டுக்கட்டையும்

ஜாக்கி செங்குத்திலிருந்து 5 பாகை சாய்ந்தாலே, 10 டன் பாரத்தில் ஏறத்தாழ 870 கிலோகிராம் பக்கவாட்டு விசையாக மாறும். ஜாக்கி இதைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டதன்று. ஆகவே மண்ணை வெட்டிச் சமப்படுத்திய பின்னரே அடிப்பலகையை இட வேண்டும். உயர்த்தாத சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். தேரோட்டத்தில் தேர்ச்சக்கரத்துக்கு இடும் முட்டுக்கட்டை செய்வதும் இவ்வேலையையே.

சில செ.மீ. உயர்ந்தவுடன் இயந்திரத்தின் அடியில் கட்டையை அடுக்கிப் பாரத்தை அதன்மீது இறக்கி, ஜாக்கியை மேலும் உயரமான இடத்தில் வைத்து மீண்டும் உயர்த்துவர். நேரம் பிடிக்கும் வேலைதான். எனினும், ஜாக்கியை மட்டும் நம்பி இயந்திரத்தின் அடியில் எவரும் நுழையலாகாது. கட்டை அடுக்கு பாரத்தைத் தாங்கிய பின்னரே சக்கரத்தையோ அச்சையோ கழற்றத் தொடங்குவர்.