முட்டியுள் நிகழும் மாற்றம்

கொடிமுந்திரிச் சாற்றிலிருந்து மது ஆக்கும் நாடுகள் உலகிற் பல. மன்னார்த் தீவிலோ அத்தொழிலுக்கு நிலைக்களமாயிருப்பது பனை. மணற்பாங்கான கரையில், எவரும் நீர் இறைக்காமலே ஓங்கி வளரும் மரம் அது. தளநார் மாட்டி ஏறும் சீவல் தொழிலாளி பாளையின் நுனியைச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குகிறார். அதன்பின் முட்டியுள் நிகழும் வேலை அவருடையதன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களுடையது.

பாளையிற் சொட்டும் சாறு இனிமை மிக்கது. அதில் 100க்கு ஏறக்குறைய 10 முதல் 15 பங்கு வரை சீனிச்சத்து உண்டு. அச்சாற்றில் எவரும் மதுவம் சேர்ப்பதில்லை. காற்றிலும், பாளையிலும், பாளையை நாடிவரும் பூச்சிகளின் உடலிலும், முன்னாட் கள் ஊறிய முட்டியின் சுவரிலும் மதுவம் இயல்பாகவே குடியிருக்கிறது. சீனியை உண்டு, அற்ககோலையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் அது வெளிவிடுகிறது. கள்ளின் நுரைக்குக் காரணம் அவ்வாயுவே. நொதித்தல் என்பது உயிர்களின் செயல் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகளால் நிலைநாட்டினார். பனங்கள்ளில் மதுவத்தோடு சைமோமோனாசு என்னும் பற்றீரியாவும் அற்ககோலை ஆக்குகிறது.

ஆயினும், இந்நுண்ணுயிர்கள் தொழிலாளிக்குக் காத்திருப்பதில்லை. இறக்கிய கள் விலைப்படாது ஒரு நாள் கிடந்தால், வேறொரு வகைப் பற்றீரியா காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு அற்ககோலை அசற்றிக்கமிலமாக மாற்றத் தொடங்கும், கள் புளித்துவிடும். காலையில் உயிரைப் பணயம் வைத்து ஏறியவரின் உழைப்பு, மறுநாள் வாங்குவாரின்றி நிற்கும்.

இதற்கு முன்னோர் கண்ட வழி சுண்ணாம்பு. சில முட்டிகளின் உட்புறம் வெண்ணிறமாக இருப்பதை நேயர்கள் கண்டிருப்பர். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது. சாறு கள்ளாகாது கருப்பநீராகவே நிற்கிறது. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி கிடைக்கும். அது பல நாள் இருந்து விலைப்படும். ஆனால் காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். கள்ளுக்கோ விறகும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். எனவே முட்டியில் சுண்ணாம்பு பூசுவதா, விடுவதா என்னும் கேள்வியில் ஒரு குடும்பத்தின் அன்றாட வருவாய் தங்கியிருக்கிறது.

இக்காலத்தில் வேறு வழிகளும் உண்டு. கள்ளைப் போத்தலில் அடைத்து, பாஸ்டர் காட்டிய முறைப்படி அளவாகச் சூடேற்றினால் நுண்ணுயிர்கள் அடங்கும்; கள் நெடுநாள் கெடாதிருக்கும். புளித்த கள்ளும் வீணன்று. அதைத் தூய்மையாக முற்றப் புளிக்கவிட்டால் நல்ல வினாகிரியாகும். இவற்றுக்குக் கருவியும் முதலும் வேண்டுமாதலால், தனியொருவரால் ஆகாததைக் கூட்டுறவுச் சங்கங்கள் செய்துவருகின்றன. பனைத்தொழிலை வளர்ப்பதற்கெனப் பனை அபிவிருத்திச் சபை 1978ஆம் ஆண்டு நிறுவப்பட்டது.

மரத்தை வெட்டாமல், ஆண்டுதோறும் அதன் சாற்றை மட்டும் பெறும் தொழில் இது. எனினும் 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வட மாகாணத்துப் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. நட்ட விதை முதற்பாளை காட்ட ஏறக்குறைய 15 ஆண்டுகள் செல்லும். நுண்ணுயிர்கள் அழைக்காமலே வந்து சேரும். பனையை மனிதரே நடவேண்டும்.