இணையச் சந்தை நிறுவனங்களின் சட்டப் பொறுப்பு (இந்தியா)

இணையச் சந்தை நிறுவனங்களின் சட்டப் பொறுப்பு என்பது, பிறர் விற்கும் பொருளையோ பிறர் செய்யும் பணியையோ இணையத்தளம் அல்லது செயலி வழியாக நுகர்வோரிடம் சேர்க்கும் நிறுவனங்கள், அந்த விற்பனைக்கும் பணிக்கும் எந்த அளவுக்குச் சட்டத்தின் முன் விடை கூற வேண்டும் என்பதைக் குறிக்கும். அமேசான், பிளிப்கார்ட் போன்ற விற்பனைத் தளங்களும், சுவிகி, சொமேட்டோ போன்ற உணவுச் செயலிகளும், ஊபர், ஓலா போன்ற வாடகை வண்டிச் செயலிகளும் இவ்வகையில் அடங்கும். விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பது மட்டுமே தமது வேலை என்பது இத்தகைய நிறுவனங்களின் பொதுவான வாதம். இந்தியச் சட்டம் இவ்வாதத்தை முழுவதும் ஏற்கவில்லை. முழுவதும் தள்ளவும் இல்லை. துறைக்குத் துறை அதன் எல்லையைக் குறுக்கி வந்துள்ளது. ஒரு சட்டத்தில் கிடைக்கும் பாதுகாப்பு மற்றொன்றிலும் கிடைக்கும் என்று எண்ணிவிடுவதே புத்தொழில் நிறுவனங்கள் இடறும் முதன்மையான இடம் எனலாம்.

பாசீ.காம் வழக்கு

இந்தியாவில் இச்சிக்கல் முதன்முதலில் பரவலான கவனம் பெற்றது 2004 ஆம் ஆண்டில் ஆகும். பாசீ.காம் என்ற ஏலத்தளத்தை அவ்வாண்டில் ஈபே நிறுவனம் வாங்கியிருந்தது. நவம்பர் மாத இறுதியில், கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர் ஒருவர் ஆபாசக் காணொளி ஒன்றை அத்தளத்தில் விற்பனைக்கு இட்டார். முறையீடு வந்தபின் அது நீக்கப்பட்டது. எனினும் டிசம்பரில் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் அவ்னிஷ் பஜாஜ் தில்லியில் கைது செய்யப்பட்டார். காணொளியை அவர் எடுக்கவும் இல்லை, விற்பனைக்கு இடவும் இல்லை என்பது எவராலும் மறுக்கப்படாத ஒன்று.

அப்போது நடைமுறையில் இருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இல் இணையச் சந்தைகளைப் பற்றித் தெளிவான குறிப்பு ஏதும் இல்லை. 2008 ஆம் ஆண்டுத் திருத்தம் (2009 அக்டோபர் 27 முதல் நடைமுறை) இக்குறையைப் போக்கியது. இணையச் சந்தைகளும் ஏலத்தளங்களும் "இடைநிலையர்" என்ற வரையறைக்குள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. பிறர் இடும் தகவலுக்கு இடைநிலையர் பொறுப்பாகார் என 79 ஆம் பிரிவு கூறுகின்றது. அதற்கு நிபந்தனைகள் உள்ளன. இடைநிலையர் அத்தகவலைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது. உரிய கவனம் செலுத்தியிருக்க வேண்டும். சட்டமீறல் குறித்து அறிந்தவுடன் அதை நீக்க வேண்டும். "அறிதல்" என்பது நீதிமன்ற ஆணையையோ அரசின் அறிவிப்பையோ பெறுதலே என உச்ச நீதிமன்றம் 2015 இல் சிரேயா சிங்கால் வழக்கில் விளக்கியது. அவ்னிஷ் பஜாஜ் மீதான நடவடிக்கை 2012 இல் உச்ச நீதிமன்றத்தால் கைவிடப்பட்டது. நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் இயக்குநரை மட்டும் வழக்கில் இழுத்தது செல்லாது என்பதே அதற்குக் காரணம். இடைநிலையர் பற்றிய கேள்வியை அத்தீர்ப்பு தீர்த்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

நுகர்வோர் சட்டம்

79 ஆம் பிரிவு தகவலுக்கான பாதுகாப்பே ஆகும். பழுதான பொருள் ஒன்று வீடு வந்து சேரும்போது கேள்வி வேறாகின்றது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உம், 2020 சூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளும் இதற்கு விடை கூற முற்படுகின்றன. பொருளைத் தானே வாங்கி வைத்து விற்கும் தளம், பிறர் விற்க இடமளிக்கும் தளம் என இவ்விதிகள் இரு வகை காண்கின்றன. இரண்டாம் வகைத் தளமும் விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் ஆகியவற்றை நுகர்வோருக்குக் காட்ட வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்தி, முறையீட்டைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேடலில் ஒரு பொருள் முன்னே வருவதும் மற்றொன்று பின்னே போவதும் எந்த அடிப்படையில் என்பதையும் விளக்க வேண்டும்.

இவற்றுக்கு அப்பாலும் பொறுப்பு நீளக்கூடும் என்பதை 2022 ஆம் ஆண்டு ஆணை ஒன்று காட்டியது. வீட்டு அழுத்தக் கொதிகலன்களுக்கு (பேச்சு வழக்கில் குக்கர்) இந்தியத் தரமுத்திரை 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயமானது. அதன் பின்னரும் முத்திரையற்ற குக்கர்கள் அமேசான் தளம் வழியாக விற்கப்பட்டதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கண்டறிந்தது. விற்கப்பட்ட 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பித் தருமாறும், 1 லட்சம் ரூபாய் தண்டம் செலுத்துமாறும் ஆணையிட்டது. பிளிப்கார்ட் மீதும் இதே போன்ற ஆணை பிறந்தது. ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் பெற்ற நிறுவனம், சிக்கல் எழும்போது மட்டும் விலகி நிற்க முடியாது என்பதே ஆணையத்தின் வாதம். தண்டத்தொகை இத்தகைய நிறுவனங்களுக்குப் பெரிதன்று. அந்த வாதமே பெரிது.

எடுத்துக்காட்டு: வளப்பூர் நாட்டு மிளகு

சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்பதை ஒரு சிறு கற்பனை எடுத்துக்காட்டால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்றான வளப்பூர் நாடு, அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் அமைந்த பகுதி ஆகும். மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இம்மலையில் மிளகு, காப்பி, பலா, அன்னாசி, மலைவாழை, சிறுதானியங்கள் ஆகியவை விளைகின்றன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருப்பதை மலை முழுவதும் காணலாம். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்குபவர் குவியலைக் கையில் அள்ளிப் பார்க்கின்றார். விற்பவரின் முகத்தையும் பார்க்கின்றார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, சென்னையில் கைப்பேசித் திரையில் வாங்குபவருக்கு இவ்விரண்டும் இல்லை. கீழே வரும் விதிகளுள் பல, அவர் பார்க்க முடியாததை எழுத்தில் காட்டச் சொல்பவையே.

வளப்பூர் நாட்டு மகளிர் குழு ஒன்று மிளகை வாங்கிப் பொதியிட்டு, புதிய இணையச் சந்தை ஒன்றின் வழியாக விற்பதாகக் கொள்வோம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 இன்படி குழுவுக்குப் பதிவோ உரிமமோ வேண்டும். அதோடு தளமும் உணவு வணிகராகவே கருதப்படுவதால் அதற்கும் தனி உரிமம் வேண்டும். மிளகைத் தொட்டதே இல்லை என்ற விடை இங்கு எடுபடாது. 2011 ஆம் ஆண்டுப் பொதிப்பொருள் விதிகளின்படி, பொதியிட்டவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, முறையீட்டுத் தொடர்பு ஆகியவை பொதியில் மட்டுமன்றி விற்பனைப் பக்கத்திலும் இருத்தல் வேண்டும். பொதிந்த மாதமும் ஆண்டும் மட்டும் பக்கத்தில் காட்டத் தேவையில்லை. விவரம் தவறாயின் பொறுப்பு விற்பவருடையது. விவரமே இல்லையாயின் தளமும் விடை கூற வேண்டும்.

வரியில் சிறு விற்பனையாளருக்கு நேர்ந்த இடர் நெடுங்காலம் நீடித்தது. சரக்கு மற்றும் சேவை வரி வரம்பை எட்டாத சிறு வணிகர், கடையில் விற்றால் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதே பொருளை இணையச் சந்தையில் விற்றால் பதிவு கட்டாயம் என்ற நிலை இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே மகளிர் குழு சென்னைக்கு அனுப்பும் வரை விலக்கு உண்டு. பெங்களூருக்கு ஒரு பொதி அனுப்பினால் விலக்குப் போய்விடும். எந்த ஊருக்கு விற்பனை என்பதைத் தடுக்கவோ திறக்கவோ கூடியது தளத்தின் மென்பொருளே என்பதால், இதைக் கவனியாத தளம் தன் விற்பனையாளரையே சட்டமீறலுக்குள் தள்ளிவிடும். பதிவு பெற்ற விற்பனையாளரின் தொகையில் வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டிய 1 விழுக்காடு, 2024 சூலை 10 முதல் அரை விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

"கொல்லிமலை மிளகு" என்ற பெயரில் வேறு இடத்து மிளகு விற்கப்பட்டால் அது ஏமாற்றும் விளம்பரம் ஆகும். இதனால் நேரடியாக இழப்பவர்கள் மலையில் உழவு செய்பவர்கள். ஏமாற்றும் விளம்பரத்துக்கு 2019 ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் நிகழ்ந்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. இதனினும் நுட்பமானது தளத்தின் சொந்த முத்திரை பற்றிய கேள்வி. விற்பனை பெருகியதும், மகளிர் குழுவின் மிளகைத் தன் பெயர் பொறித்த பொதியில் இட்டு விற்கத் தளம் விரும்பக்கூடும். தன் வணிகக்குறியைப் பொருளின் மேல் இடுபவரைச் சட்டம் உற்பத்தியாளராகவே கருதுகின்றது. அந்தப் பொதியைப் பொறுத்தவரை இடைநிலையர் என்ற வாதம் அத்துடன் முடிந்துவிடும்.

பணியாளர் நிலை

சென்னையில் அப்பொதியை வீட்டுக்குக் கொண்டு செல்பவர் யார் என்ற கேள்வியே இத்துறையில் மிகவும் சர்ச்சைக்குரியது. நிறுவனங்கள் இவர்களைப் பணியாளர் என்று அழைப்பதில்லை, "கூட்டாளி" என்கின்றன. பணியாளர் எனில் வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் காப்பீடு, பணிக்கொடை ஆகிய கடமைகள் எழும். நிதி ஆயோக் 2022 இல் வெளியிட்ட அறிக்கை, 2020–21 இல் இந்தியாவில் இத்தகைய தொழிலாளர் 77 லட்சம் பேர் என மதிப்பிட்டது.

இது கைப்பேசியோடு பிறந்த கேள்வி என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் உச்ச நீதிமன்றம் தாரங்கதாரா வேதிப்பொருள் ஆலை வழக்கில் (தீர்ப்பு 1956) ஏறத்தாழ இதையே ஆராய்ந்தது. சௌராட்டிரத்தின் உப்பளங்களில் வேலை செய்த அகாரியாக்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. விளைந்த உப்பின் எடைக்கு ஏற்பவே கூலி. தரமற்றது என ஒதுக்கிய உப்புக்குக் கூலியே இல்லை. வேலை நேரமோ வருகைப் பதிவேடோ கிடையாது. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் தடையில்லை. ஆகவே அவர்கள் தன்னிச்சையான ஒப்பந்தக்காரர்கள் என நிறுவனம் வாதிட்டது. தானும் இறங்கி உழைப்பவராகவும், வேலை செய்யும் முறை நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாகவும் இருந்தால் அவர் தொழிலாளரே என்று நீதிமன்றம் கூறியது. உப்பு என்ற இடத்தில் உணவுப் பொட்டலத்தையும், மேற்பார்வையாளர் இடத்தில் செயலியையும் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை விளங்கும். பிரித்தானிய உச்ச நீதிமன்றமும் 2021 பிப்ரவரி 19 அன்று ஊபர் வழக்கில் கட்டுப்பாட்டையே உரைகல்லாகக் கொண்டது. கட்டணத்தை நிறுவுவதும், பயணத்தை மறுப்பவரைத் தண்டிப்பதும் ஊபரே என்பதால் ஓட்டுநர்கள் தொழிலாளர் உரிமைகளுக்கு உரியவர்கள் எனத் தீர்ப்பளித்தது.

இந்தியா நடுவழி ஒன்றைத் தேர்ந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, கிக் தொழிலாளரை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்து வருவாய் ஈட்டுபவர் என வரையறுக்கின்றது. பணியாளர் தகுதியை அது வழங்கவில்லை. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்கு அளிக்க வேண்டும் என்கின்றது. அத்தொகை தொழிலாளருக்கு அளிக்கும் ஊதியத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டாது. வண்டி, உணவு, சரக்கு போன்றவற்றோடு இணையச் சந்தையும் இதற்கான அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. இலாபத்தின் மீதன்றி விற்றுமுதலின் மீது கணக்கிடப்படுவதால், இன்னும் இலாபம் காணாத புத்தொழில் நிறுவனமும் இதைத் தன் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைக்கப்படும் என 2023 ஆகத்து 15 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்; அவ்வாண்டிலேயே வாரியம் அமைக்கப்பட்டது. இது 1982 ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியங்களின் வரிசையில் வருவது. நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் தனிச்சட்டம் அன்று. இராச்சசுத்தான் 2023 இலும் கருநாடகம் 2025 இலும் தனிச்சட்டம் இயற்றின. கருநாடகச் சட்டத்தின்படி, ஒருவரின் கணக்கைச் செயலியிலிருந்து நீக்குவதற்குக் காரணம் காட்டி 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். எவ்விளக்கமும் இன்றி ஒரே இரவில் கணக்கு முடக்கப்படுவது இத்தொழிலாளர்கள் நெடுங்காலமாக முன்வைத்து வரும் முறையீடுகளுள் ஒன்றாகும்.