கடையும் அவர்களே, கல்லாவும் அவர்களே

2024 மார்ச் 1 அன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வரன் தேடும் தளமான பாரத் மேட்ரிமோனியின் செயலி கூகுள் பிளே ஸ்டோரில் இல்லாமல் போனது. அதே நிறுவனத்தின் வேறு சில செயலிகளும், பிற நிறுவனங்களின் நௌக்ரி, 99 ஏக்கர்ஸ், ஷாதி போன்றவையும் அன்று நீக்கப்பட்டன. ஏற்கெனவே செயலியை வைத்திருந்தவர்களுக்கு அது வேலை செய்தது. புதிதாக வரன் தேட வந்தவர்களுக்குத்தான் கண்ணில் படவில்லை. புதிய வாடிக்கையாளர்களை நம்பியே நடக்கும் தொழிலுக்கு அது பேரிடி.

கூகுள் சொன்ன காரணம், சேவைக் கட்டணம் செலுத்தவில்லை என்பது. பிளே ஸ்டோர் வழியே விற்கும் டிஜிட்டல் சேவைகளுக்கு 15 முதல் 30 சதவீதம் வரை அந்த நிறுவனம் கட்டணம் கேட்கிறது. தன் சொந்தப் பணம் செலுத்தும் முறைக்குப் பதிலாக வேறு வழியில் பணம் வாங்கிக்கொள்ள அனுமதித்த பிறகும் அந்தக் கட்டணம் 4 சதவீதப் புள்ளிகள்தான் குறைந்தது. ஆயிரம் ரூபாய் சந்தாவை யுபிஐ மூலம் வாங்கினாலும், குறைந்தபட்சம் 110 ரூபாய் கூகுளுக்குப் போக வேண்டும். சாப்பாடு வரவழைத்தாலோ டாக்ஸி பிடித்தாலோ இந்தக் கட்டணம் கிடையாது. வரன் பார்த்தால் உண்டு. எது டிஜிட்டல் சேவை என்று கோடு போடுவதும் கூகுள்தான்.

செயலிகளைச் சோதிப்பதற்கும் பாதுகாப்புக்கும் செலவாகிறது, பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமே செலுத்துவதில்லை என்கிறது கூகுள். செலவு ஆகும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தச் செலவுக்கு எவ்வளவு வாங்குவது என்பதைப் போட்டியே இல்லாத ஒருவர் தனியாக முடிவு செய்வதை எப்படி ஏற்பது? இந்தியாவில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு. ‘பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள்’ என்று சொல்ல இங்கே அதற்கு ஈடான வேறு கடை இல்லை.

இதை முறைப்படி விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் 2020 நவம்பரில் உத்தரவிட்டது. பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக 2022 அக்டோபரில் 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுளின் சொந்தச் செயலியான யூடியூபுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாததையும் அது சுட்டிக்காட்டியது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இதற்கிடையே நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குகள் தள்ளுபடியாயின. இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்றது நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்பு தரவில்லை. அடுத்த மூன்று வாரங்களுக்குள் செயலிகள் நீக்கப்பட்டன.

அவை திரும்பி வந்தது எந்தத் தீர்ப்பாலும் அல்ல. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டார், பேச்சுவார்த்தை நடந்தது, சில நாட்களிலேயே செயலிகளை மீண்டும் சேர்க்க கூகுள் சம்மதித்தது. அந்த வாரத்துக்கு நல்லதுதான். ஆனால் அமைச்சரின் கவனத்துக்குப் போக முடியாத நாலு பேர் கொண்ட ஒரு கோயம்புத்தூர் நிறுவனத்துக்கு இதே நிலை வந்தால், அதற்காக யார் பேசுவார்கள்?

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. தவறு நடந்த பின் பல வருடம் விசாரிப்பதற்குப் பதிலாக, பெரிய தளங்கள் எதைச் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைத்தது. டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. செயலிக்கு வெளியே கிடைக்கும் மலிவான விலையை வாடிக்கையாளருக்குச் சொல்லவிடாமல் கட்டுப்படுத்தியதற்காக ஆப்பிளுக்கு 2025 ஏப்ரலில் 50 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

அதே 2024 மார்ச்சில் இந்தியாவிலும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளியானது. சொந்தச் சேவைக்குச் சலுகை காட்டக்கூடாது, விதியை மீறினால் உலகளாவிய விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. தாங்களும் இதில் மாட்டிக்கொள்வோமோ என்று வளர்ந்துவரும் உள்நாட்டு நிறுவனங்கள் சில கவலைப்படுகின்றன. 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல், ஒரு கோடிப் பயனாளர்கள் என்ற வரம்புகளைப் பார்த்தால் அது நியாயமான கவலைதான். வரம்பை உயர்த்தட்டும், விதிகளைத் திருத்தட்டும். அதையெல்லாம் நாடாளுமன்றத்தில் விவாதித்துச் செய்யலாம். அதற்கு முதலில் மசோதா அங்கே வர வேண்டும்.