முள்ளை முதலில் பாருங்கள்

விடுமுறைக்கு யாழ்ப்பாணத் தீவகம் வரும் புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பயணப் பைகளில் இப்போது தூண்டில் தடியும் ஒரு பெட்டி இறப்பர் மீனும் இருக்கின்றன. பண்ணைப் பாலத்தின் மதகுகளிலும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலத்திலும், சாட்டி வெள்ளைக் கடற்கரையின் ஓரத்திலும் நின்று வீசுகிறார்கள். பெட்டியைத் திறந்தால் மஞ்சள், ஊதா, மினுங்கும் பச்சை, வாலில் சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும். எது நல்லது என்று கேட்டால் எல்லோரும் நிறத்தைத்தான் சொல்வார்கள். என் கணக்கில் நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது தூண்டில் முள். அடுத்தது எடை. அந்த இறப்பர் மீன் எவ்வளவு மென்மையானது என்பது மூன்றாவது.

இந்தப் போலி இரைகள் பிறந்தது அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில், அங்குள்ள பாஸ் மீனுக்காக. அந்த மீன் நம் நாட்டுக் குளங்களில் இல்லை. நம்மிடம் இருப்பது கொடுவா. உலகம் ஆசியக் கடல் பாஸ் என்றும் அவுஸ்திரேலியர்கள் பரமண்டி என்றும் அழைக்கும் மீன் இதுதான். இரண்டும் வெவ்வேறு குடும்பத்து மீன்கள், ஆனால் வேட்டை முறையில் நெருங்கிய ஒற்றுமை உண்டு. இரண்டுமே துரத்தி ஓடிக் களைப்பதில்லை. கல்லிடுக்கிலோ கண்டல் வேரடியிலோ பாலத்தூணின் நிழலிலோ ஒதுங்கி நிற்கும். நீரோட்டம் இரையை வாயருகே கொண்டுவரும்வரை காத்திருக்கும். மதகுகளில் கடல் வற்றும்போதும் பெருகும்போதும் சிறு மணலைகளும் இறால்களும் நீரோடு இழுபட்டுப் போகும். கொடுவாவுக்கு அது வீட்டு வாசலில் வந்து விழும் சாப்பாடு.

அது சாப்பிடும் விதம் தெரிந்தால்தான் முள்ளைப் பற்றிய பேச்சு விளங்கும். கொடுவா இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயும் செவுள்மூடிகளும் ஒரே கணத்தில் விரிய, வாய்க்குள் அழுத்தம் சட்டென்று குறைகிறது. வெளியே இருக்கும் நீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அமைதியான இரவில் பாலத்தடியில் ‘பொக்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது நீர்மட்டத்தில் கொடுவா வாயைத் திறந்த சத்தம். உறிஞ்சியதை வாய்க்குள் நசுக்கிப் பார்க்கும். இரை இல்லை என்று பட்டால் அதே வேகத்தில் நீரோடு வெளியே துப்பிவிடும். தூண்டில்காரருக்குக் கிடைக்கும் அவகாசம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில கணங்கள்தான்.

மென்பிளாஸ்டிக்கின் பெருமை இங்கேதான் இருக்கிறது. மரத்தாலோ கடினப் பிளாஸ்டிக்காலோ செய்த போலி மீனைக் கவ்விய மீன் அது பொய் என்பதை உடனே உணர்ந்துவிடுகிறது. மென்மையான உடல் நசுங்குகிறது, சதைபோல விட்டுக்கொடுக்கிறது. மீன் இன்னும் சற்று நேரம் அதை வாயில் வைத்திருக்கிறது. 1949இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி தன் வீட்டுச் சமையலறை அடுப்பிலேயே வினைல் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி மண்புழு வடிவில் வார்த்தெடுத்தார். அதற்கு முன்பும் இறப்பர் புழுக்கள் இருந்தன, ஆனால் அவை விறைப்பானவை. இன்று உலகெங்கும் விற்கும் மென்பிளாஸ்டிக் இரைகள் எல்லாம் அந்த அடுப்பிலிருந்து வந்த பரம்பரை.

நாம் இறப்பர் மீன் என்று சொன்னாலும் அதில் பெரும்பாலும் இறப்பர் இல்லை. தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பி.வி.சி. தூளை, மென்மையாக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து, ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அது கூழாகி, ஆறும்போது தசைபோல் இறுகும். திரவம் கூடினால் மென்மை கூடும், உறுதி குறையும். அந்தத் திரவம் பிளாஸ்டிக்குடன் வேதிப் பிணைப்பில் இல்லை, அதன் இழைகளுக்கிடையே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும். பழைய பைகளில் கிடந்த இறப்பர் மீன் விறைத்துப்போவதும், கடினப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வெயிலில் வைத்தால் பெட்டியின் அடியே இளகி ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். வாங்கிவந்த பையிலேயே அவற்றை வைத்திருப்பது நல்லது. வேறு வேறு வகைப் பிளாஸ்டிக்குகளை ஒன்றாகக் கலந்து போடவே கூடாது, இரண்டும் உருகிச் சகதியாகும்.

எடைக்கு வருவோம். நம் கடலின் தன்மை இங்கே குறுக்கே வருகிறது. பி.வி.சி. தண்ணீரைப்போல் சுமார் 1.4 மடங்கு கனமானது. மென்மையாக்கும் திரவம் தண்ணீரைவிடச் சற்று இலேசானது. இரண்டும் கலந்த இறப்பர் மீன் ஏறக்குறையத் தண்ணீரின் அடர்த்தியோடு நிற்கும். மெதுவாகத் தாழ வேண்டும் என்பதற்காகச் சிலர் வார்க்கும்போதே உப்பைக் கலக்கிறார்கள். அமெரிக்க நன்னீர் ஏரிக்கு அது பொருத்தம். யாழ்ப்பாணக் கடனீரேரி நன்னீர் அல்ல. பெரும்பகுதி ஆழம் குறைந்த இந்த நீர்ப்பரப்பு கோடையில் வெயிலில் வற்றி, கடலைவிட உப்பேறிவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அங்கே வீசினால், ஏரியில் தாழ்ந்த அதே இறப்பர் மீன் நம்மிடம் தாழ மறுக்கும். மாரி மழை கொட்டி வெள்ளம் இறங்கியதும் கதை மாறும், நீர் இலேசாகி அதே இரை வேகமாகக் கீழே போகும். ஒரே இரை, ஒரே பாலம், ஆனால் ஆனியில் ஒரு நடை, கார்த்திகையில் வேறு நடை. இதை உணராமல் ‘இந்த மீன் சரியில்லை’ என்று பெட்டியையே குறைசொல்பவர்கள் பலர். முள்ளோடு சேர்ந்த ஈயத்தை மாற்றினால் போதும். இடுப்பளவு நீரில் 4 அல்லது 5 கிராம் ஈயத்தலை, மதகுக்குள் நீர் இழுத்தோடும்போது 10 முதல் 14 கிராம். தரையைத் தொட்டும் தொடாமலும் இரை போக வேண்டும். தரையில் இழுபட்டால் கனம் கூடிவிட்டது. மேலேயே மிதந்து வந்தால் கனம் போதாது.

வாலின் வடிவமும் சும்மா அலங்காரம் இல்லை. துடுப்புப்போல் தட்டையான வால் நீரில் இழுபடும்போது இருபுறமும் மாறி மாறிச் சுழல்களை உதறிவிடுகிறது. மீன்களின் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு இந்த மெல்லிய நீரசைவை உணரும் உறுப்பு. கொடுவாவில் அந்தக் கோடு வால் துடுப்புக்குள்ளும் நீள்கிறது. காற்றடித்துக் கலங்கிய நீரில் கண் உதவாத தூரத்திலும் அது வாலின் துடிப்பை அறியும். ஆகவே கலங்கல் நீருக்குத் தட்டை வால். தெளிந்த நீருக்கு, வாலில்லாமல் மெலிந்து கூராகும் மீன் வடிவமோ இறால் வடிவமோ போதும். இறால் வடிவத்தை ஒரே சீராக இழுத்தால் எந்த மீனும் நம்பாது. இறால் பின்னோக்கித் துள்ளும், பிறகு சோர்ந்து தாழும். தடியின் நுனியைச் சட்டென்று உயர்த்தி, பிறகு தங்கூசி இழையைச் சற்றே தளரவிட வேண்டும். கொடுவா பெரும்பாலும் அந்தத் தாழும் நொடியில்தான் எடுக்கும்.

நிறம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. கலங்கல் நீரில் மற்ற நிறங்களும் விரைவாக மங்கும். கொடுவாவின் கண்ணில் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு, இரவில் டோர்ச் வெளிச்சம் பட்டால் கண் செம்மஞ்சளாக ஒளிர்வது அதனால்தான். மங்கிய வெளிச்சத்தில் அது பார்ப்பது நிறத்தைவிட நிழலுருவத்தைத்தான். பகலுக்கு வெள்ளை, கலங்கலுக்கும் இரவுக்கும் கறுப்பு, தெளிந்த நீருக்கு மினுக்கத்தூள் கலந்த கண்ணாடி நிறம். இந்த மூன்றுக்கு மேல் செலவழிப்பது வீண்.

இனி முள். பாலத்தில் ஒருமுறை ஓர் இளைஞன் விரலளவு தடித்த இறப்பர் மீனில் சின்ன முள் ஒன்றைக் கோத்து வீசிக்கொண்டிருந்தான். நெடுநாள் தொழில் செய்த பெரியவர் ஒருவர் அதை வாங்கி நசுக்கிப் பார்த்தார். “தம்பி, முள்ளு மீன்ர உடம்புக்குள்ளயே புதைஞ்சு போச்சு. கொடுவான்ர வாய்க்கு மிஞ்சிறதுக்கு என்ன கிடக்கு?” என்றார். அவனும் விடவில்லை. “பெரிய முள்ளுப் போட்டா மீன் நீந்தாது ஐயா, கட்டை மாதிரி வரும்.”

இருவர் சொன்னதும் சரி. இந்தக் கலையின் முழுச் சிக்கலும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது. முள்ளின் தண்டுக்கும் கூருக்கும் இடையே உள்ள இடைவெளிதான் வாய்க்குள் கூர் ஊன்றுவதற்கான இடம். உடல் தடித்ததாக இருந்தால், மீன் கவ்வும்போது நசுங்கிய பிளாஸ்டிக் அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கூர் எதையும் தொடாமலே வழுக்கி வெளியே வரும். அதனால் இடைவெளி, உடலின் தடிப்பைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். மறுபுறம், முள்ளின் தண்டு உடலுக்குள் நீளமாக ஓடினால் முதுகெலும்பு விறைத்ததுபோல் ஆகி, வால் மட்டும் சோம்பலாக ஆடும். ஆகவே தண்டு குறுகியதாகவும் இடைவெளி அகன்றதாகவும் உள்ள முள்ளே இதற்கு ஏற்றது. கூர், உடலின் நடுப்பகுதிக்குச் சற்று முன்பாகவே வெளியே வர வேண்டும். பின்பாதி முழுவதும் ஆட இடம் கிடைக்கும். 10 சென்ரிமீற்றர் நீள உடலுக்கு 3/0 அல்லது 4/0 முள் பொருந்தும். இந்த எண்கள் புதியவர்களைக் குழப்பும். 10, 8, 6 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1க்குப் பிறகு 1/0, 2/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும்.

கம்பியின் தடிப்பையும் பார்க்க வேண்டும். மெல்லிய கம்பி குறைந்த விசையிலேயே ஊன்றும், ஆனால் பெரிய கொடுவா தலையை உதறித் துள்ளும்போது நிமிர்ந்துவிடும். தடித்த கம்பி நிமிராது, ஆனால் ஊன்றுவதற்குக் கூடுதல் விசை வேண்டும். வளைந்து கொடுக்கும் இலேசான தடியோடு தடித்த முள்ளைச் சேர்த்தால் பிடிபட்ட மீனெல்லாம் கழன்று போகும். கூரைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இலேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் அந்த முள் வேண்டாம், கீறி நின்றால் சரி. உப்புநீரில் பட்ட முள்ளை நன்னீரில் கழுவாமல் வைத்தால் அடுத்த முறை அந்தக் கூர் இருக்காது.

சாட்டிப் பக்கம் இன்னொரு தொல்லை சாதாழை. கரையோரம் முழுக்க அது படர்ந்திருக்க, கூர் வெளியே தெரியும் முள்ளை வீசினால் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டு சாதாழைதான் வரும். அங்கே கழுத்துப் பகுதி படிபோல் வளைந்த முள் வேண்டும். தலைப்பகுதியில் நுழைத்து, திருப்பி, கூரை மறுபடி உடலுக்குள்ளேயே மேலோட்டமாகப் புதைத்து வைப்பார்கள். சாதாழை வழுக்கிப் போகும். மீன் நசுக்கும்போது பிளாஸ்டிக் கீழே விலகக் கூர் வெளிவரும். இதற்கு மென்மையான உடல் கட்டாயம். விறைத்த பழைய இறப்பர் மீனை இப்படிக் கோத்தால் கூர் வெளியே வராது.

தங்கூசியின் நுனியில் ஒரு முழ நீளத்துக்காவது 20 கிலோ தாங்கும் தடித்த தங்கூசியைக் கட்ட மறக்க வேண்டாம். கொடுவாவின் செவுள்மூடி ஓரம் கத்திபோன்றது, மெல்லிய இழையை ஒரே உரசலில் அறுத்துவிடும். கைவிரலையும் அங்கே விட வேண்டாம்.

போலி இரையில் ஒரு நன்மை உண்டு. உயிர் இரையை மீன் விழுங்கி, முள் வயிற்றில் ஏறுவது அதிகம். போலி இரையை இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தால் முள் பெரும்பாலும் வாயோரத்திலேயே ஊன்றும். வேண்டாத மீனை உயிரோடு திருப்பி விடலாம். கொடுவாவில் அது முக்கியம். கொடுவா ஆணாகவே முதிர்ச்சியடைந்து, சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 80 சென்ரிமீற்றரைக் கடக்கும் பருவத்தில் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய எல்லாமே முட்டை சுமக்கும் பெண்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120க்கு மேற்பட்டதையும் வைத்திருக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. 1997இல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கொடுவாவை வளர்ப்பிடத்தில் முட்டையிடவைத்துக் குஞ்சு பொரித்தது. பண்ணைக் கொடுவா இப்போது சந்தைக்கு வருகிறது. ஆனால் கடனீரேரிக் கொடுவாவுக்கு அந்தப் பெரிய பெண் மீன்களை விட்டால் வேறு விதை இல்லை. விளையாட்டுக்குத் தூண்டில் போடுபவர்கள் அவற்றைப் படமெடுத்துவிட்டு நீரிலேயே விடலாம். அதற்கு முள்ளின் உட்கொக்கியைக் குறடால் நசுக்கி வைத்தால் கழற்றுவது எளிது.

கடைசியாக, பெட்டியில் அதிகம் பேசப்படாத பக்கம். இந்தப் பிளாஸ்டிக் நீரில் கரையாது, மக்காது. திரவம் கசிந்தபின் விறைத்த துண்டாகக் கிடக்கும். மீன் அதை இரையென்று விழுங்கினால் குடலில் தங்கும். 2013இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இவற்றைத் தடைசெய்ய ஒரு சட்டமுன்வரைவே கொண்டுவரப்பட்டது. அறுந்த வலைத்துண்டுகளும் தங்கூசியும் ஏற்கெனவே நம் கடனீரேரியில் நிறையக் கிடக்கின்றன. சாட்டிக்கோ பண்ணைக்கோ தூண்டிலோடு போகும் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான். வால் கிழிந்த இறப்பர் மீனைக் கழற்றிக் கடலில் எறியாதீர்கள். சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.