பழைய மென்பொருளும் புதிய இயங்குதளமும்: சபைப் பதிவேடுகளை முன்னிட்டு ஒரு விளக்கம்

கணிப்பொறியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் பழைய மென்பொருள்கள் தொடர்ந்து வேலை செய்யுமா என்பது ஒரு காலத்தில் பொறியியலார் மட்டுமே கேட்ட வினா. இன்று அது சபை அலுவலகத்தின் வினாவும் ஆகிவிட்டது. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. ஆகவே பழைய கணிப்பொறியை வைத்திருக்கும் பல குருசேகரங்கள் விண்டோஸ் 11க்கு மாறவேண்டிய நிலையில் உள்ளன. அம்மாற்றத்தின்போது, இருபது முப்பது ஆண்டுகளாகத் தட்டச்சிட்டுச் சேர்த்த சபைப் பெயர்ப்பட்டியல், ஞானஸ்நான விவரம், வரவு செலவுக் கணக்கு, அருளுரைக் குறிப்பு ஆகியவை என்னவாகும் என்பதை ஆயர்களும் இறையியல் மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

போடிநாயக்கனூரையும், அங்கிருந்து போடிமெட்டு வழியாக ஏறிச்செல்லும் ஏலமலைச் சரிவுகளையும் எண்ணிப்பார்த்தால் இவ்வினாவின் கனம் விளங்கும். ஏலத்தோட்ட வேலையை நாடி மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இடுக்கி மாவட்டத்திலேயே தங்கிவிட்டன. இன்னும் பலர் அடிவாரத்து ஊர்களிலிருந்து ஜீப்புகளில் அன்றாடம் ஏறி இறங்குகின்றனர். பிறந்த ஊர் ஓரிடம், ஞானஸ்நானம் பெற்ற சபை வேறோரிடம், உழைப்பது அண்டை மாநிலம் என்று வாழ்கிற ஒருவர், நெடுநாள் கழித்துத் தம் பெயரும் பெற்றோர் பெயரும் நாளும் குறித்த ஒரு சான்றிதழை நாடி அடிவாரத்துச் சபைக்கு வரக்கூடும். அவருக்கு வேண்டியது பதிவேட்டின் ஒரே ஒரு வரி. அவ்வரியை வாசிக்க முடியாமற்போனால் இழப்பு அலுவலகத்துக்கன்று, அவருக்கே.

1. ஓர் உவமை: போடி இருப்புப்பாதை

மதுரையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள போடி இருப்புப்பாதை 1928இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக்கும் பணிக்காக 2010 டிசம்பர் இறுதியில் அதன் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தேனி வரை 2022 மே மாதத்திலும், போடிநாயக்கனூர் வரை 2023 ஜூன் 15ஆம் நாளும் மீண்டும் வண்டி வந்தது. மீட்டர் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். அகலப்பாதையில் 1,676 மில்லிமீட்டர். பழைய பெட்டி எவ்வளவு உறுதியாயிருப்பினும் புதிய பாதையில் ஓடாது. ஆனால் அப்பெட்டியில் சென்ற பயணியும் ஏலக்காய் மூட்டையும் புதிய பெட்டிக்கு மாறிச் செல்லத் தடை எதுவும் இல்லை.

இவ்வுவமையில் தண்டவாளம் இயங்குதளம், பெட்டி மென்பொருள், பயணியும் மூட்டையும் நாம் எழுதிவைத்த விவரம். பெட்டி ஓடுமா என்றே பெரும்பாலோர் கேட்கின்றனர். பயணி போய்ச் சேர்வாரா என்பதே முதன்மையான கேள்வி. மற்றொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. பாதை மாறிக்கொண்டிருந்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் போடி மக்கள் பேருந்தையே நம்பியிருந்தனர். மாற்றத்துக்கு ஓர் இடைக்காலம் உண்டு. அதற்கு முன்னேற்பாடு வேண்டும்.

2. மென்பொருள் நின்றுபோவதன் காரணங்கள்

பொதுவாக நோக்கின், விண்டோஸ் பழையனவற்றைப் பேணுவதில் தாராளமானது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே, பழைய பதிப்பில் இயங்குவதுபோல ஒரு மென்பொருளை இயங்கச் செய்யும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இருபது ஆண்டுப் பழமையுள்ள பல மென்பொருள்கள் இன்றைய கணிப்பொறியிலும் திறக்கின்றன. எனினும் சில எல்லைகள் உள்ளன.

முதலாவது, செயலியின் அகலம். 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் டாஸ், விண்டோஸ் 3.1 ஆகியவற்றுக்காக எழுதப்பட்டவை 16 பிட் மென்பொருள்கள். பின்னர் வந்தவை 32 பிட், 64 பிட் என வளர்ந்தன. 32 பிட் விண்டோஸ் 16 பிட் மென்பொருளுக்கு இடமளித்தது. 64 பிட் விண்டோஸ் இடமளிப்பதில்லை. விண்டோஸ் 10 இருவகையிலும் கிடைத்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 சொந்தக் கணிப்பொறிகளுக்கு 64 பிட்டில் மட்டுமே வருகிறது. ஆகவே 32 பிட் விண்டோஸ் 10இல் நேற்றுவரை ஓடிய மிகப் பழைய கணக்கு மென்பொருள், இம்முறை மாற்றத்தில் அறவே நின்றுவிடும். ஆப்பிள் கணிப்பொறிகளிலோ 2019இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32 பிட் மென்பொருள்களும் நின்றுபோயின.

இரண்டாவது, துணைக்கருவிகள். பழைய தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள்கள் சிலவற்றை விற்றோர், களவைத் தடுக்கக் கணிப்பொறியின் பின்புறத்துத் துளையில் செருகும் டாங்கில் என்னும் சிறு பூட்டுக்கருவியையும் சேர்த்துத் தந்தனர். புதிய கணிப்பொறிகளில் அத்துளையே இல்லை. பழைய அச்சுப்பொறிக்குரிய இயக்கிகளும் 64 பிட்டுக்கு எழுதப்படாவிடில் பயன்படா.

மூன்றாவது, தயாரித்த நிறுவனம் கைவிடுதல். நம் சபைத் தாள்களும் பாட்டுப் புத்தகங்களும் பெருமளவில் உருவாகிய பேஜ்மேக்கரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட அது, 1994இல் அடோபியின் கைக்கு வந்தது. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. அதற்கு அடுத்ததாக அடோபி தந்த இன்டிசைன், சி.எஸ்.6 பதிப்பு வரையில் பேஜ்மேக்கரின் பிற்காலக் கோப்புகளைத் திறந்தது. பின்வந்த பதிப்புகள் திறப்பதில்லை. பாலம் இருந்த காலத்தில் கடவாதவர், பாலம் நீங்கியபின் கடப்பது அரிது.

3. தமிழுக்கு உரிய தனிச் சிக்கல்

இதுவரை கூறியவை எம்மொழிக்கும் பொது. தமிழ்க் கோப்புகளுக்கோ இன்னொரு சிக்கல் உண்டு. மென்பொருள் திறந்தாலும், கோப்பு திறந்தாலும், எழுத்து விளங்காமற்போகலாம்.

கணிப்பொறி எழுத்தை வடிவமாக வைத்திராது; எண்ணாகவே வைத்திருக்கும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் உடன்பாடே குறியீட்டுமுறை. 1990களில் பயன்பட்ட 8 பிட் முறையில் 256 இடங்களே இருந்தன. அவற்றில் பாதியளவு ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் உரியவை. 247 தமிழ் எழுத்துகளை எஞ்சிய இடங்களில் எவ்வாறு அமர்த்துவது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியைத் தேர்ந்தது. சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினி எழுத்துரு அவ்வகையினது. அதில் "அம்மா" என்று எழுதியதைக் கணிப்பொறி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே வைத்திருக்கிறது. பாமினி இருக்கும்வரை தாயின் பெயர் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத புதிய கணிப்பொறியில் பொருளற்ற குறிகளே தெரியும்.

இயங்குதளம் மாறும்போது இன்னல் மிகுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 256 இடங்களுள் சிலவற்றை இயங்குதளமே தன் பணிக்கென ஒதுக்கியிருந்தது. அவ்விடங்களில் அமர்ந்த தமிழ் எழுத்துகள் ஒரு பதிப்பில் தெரிந்து மறு பதிப்பில் மறைந்தன. ஒரு பெயரில் ஓர் எழுத்து மறைவது சிறு பிழையாகத் தோன்றலாம். சான்றிதழில் அது வேறொரு மனிதரின் பெயராகிவிடும்.

இக்குழப்பத்தைத் தீர்க்கத் தமிழர் வாளா இருக்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டுமுறைகளையும் ஒரு விசைப்பலகை அமைப்பையும் ஏற்றது. உலகெங்கும் உள்ள தமிழ் ஆர்வலர் கூடி டிஸ்கி என்னும் முறையை வகுத்தனர். இதற்கிடையே, உலகமொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோட் 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தது. விண்டோஸ் 2000 பதிப்பு லதா எழுத்துருவோடு அதற்கு ஆதரவளித்தது. 2010 ஜூன் மாதம், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழக அரசு யூனிகோடையும், அது பொருந்தாத இடங்களில் பயன்படுத்தற்குரிய டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்தது. இன்று கைப்பேசி முதல் பேரகராதி வரை யூனிகோடே வழங்குகிறது. ஆனால் 1990களிலும் அதன்பின் பல்லாண்டுகளும் நாம் தட்டச்சிட்டவை அதில் இல்லை.

4. கடந்துவந்தவை கற்பிப்பன

மாற்றங்களைத் தாண்டி நிலைத்த முயற்சிகள் நமக்கு வழிகாட்டும். 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி எவர்க்கும் இலவசமாக வழங்குகிறது. தொடக்கத்தில் ஓர் எழுத்துருவில் இருந்த நூல்கள் பின்னர் டிஸ்கிக்கும், அதன்பின் யூனிகோடுக்கும் மாற்றப்பட்டன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு மென்பொருளும் அவ்வாறே காலத்துக்கேற்ப உருமாறியது. இவ்விரண்டிலும் பழைய மென்பொருளைப் பழையபடியே காப்பாற்ற எவரும் முயலவில்லை. உள்ளடக்கத்தைப் புதிய வடிவத்துக்குக் கொண்டுசெல்லும் உழைப்பை மும்முறை நான்முறை செய்தனர். காத்தல் என்பது ஒருமுறை பூட்டிவைப்பதன்று; தலைமுறைதோறும் மீண்டும் படியெடுப்பது. ஓலையைச் செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர்.

5. மாற்றத்துக்கு முன் செய்யவேண்டுவன

(அ) புதிய இயங்குதளத்தை நிறுவுவதற்கு முன்னரே எல்லாக் கோப்புகளுக்கும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றை வேறு கட்டடத்திலும் வைக்கவேண்டும். கோப்புகளோடு எழுத்துருக்களையும் படியெடுத்தல் இன்றியமையாதது. எழுத்துரு தொலைந்தால் கோப்பு பூட்டிய பெட்டியாகும்.

(ஆ) எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்று ஒரு தாளில் எழுதிவைத்தல் வேண்டும். ஆயர் மாறிச் செல்லும்போது இத்தாளும் பொறுப்பு ஒப்படைப்பில் சேரவேண்டும்.

(இ) பழைய கணிப்பொறி இயங்குமாயின் உடனே கழித்துவிடலாகாது. இணையத் தொடர்பை நீக்கி, பெயர்க்கும் பணி முடியும்வரை வைத்திருக்கலாம். அது இயலாவிடின், புதிய கணிப்பொறிக்குள்ளேயே பழைய விண்டோஸைத் தனியறைபோல இயக்கும் மெய்நிகர் கணிப்பொறி முறை உண்டு. டாஸ் காலத்து மென்பொருள்களுக்கு டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள் பெரும்பாலும் உதவும். இவை இடைக்காலப் பேருந்துகளே. நிலையான பாதை அல்ல.

(ஈ) பழைய எழுத்துருவில் உள்ளவற்றை யூனிகோடுக்குப் பெயர்க்கவேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற இலவச மாற்றிகள் இப்பணிக்கென்றே உருவானவை. எனினும் இயந்திரம் பெயர்த்ததை அப்படியே நம்பலாகாது. பழைய முறையில் "கொ" என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடிலோ ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் நிற்கும். இவ்வரிசையை மாற்றி அமைக்கையில் பிழை நேரலாம். தமிழோடு கலந்த ஆங்கிலச் சொற்களும் எண்களும் சிதைந்து வரக்கூடும். கிரந்த எழுத்து மிகுந்த விவிலியப் பெயர்களையும் கூர்ந்து நோக்கவேண்டும்.

(உ) ஒப்புநோக்கும் பணியை ஊராரை அறிந்தவரிடம் ஒப்படைத்தல் சாலச் சிறந்தது. உபதேசியார் கையெழுத்துப் பதிவேட்டை உரக்க வாசிக்க, இளைஞர் ஒருவர் திரையில் சரிபார்க்கலாம். எஸ்தரும் எஸ்தர் ராணியும் இருவர் என்பது மாற்றிக்குத் தெரியாது, உபதேசியாருக்குத் தெரியும்.

(ஊ) பி.டி.எஃப். வடிவில் சேமித்தாற் போதும் என்று எண்ணுவோர் உளர். எழுத்துரு உள்ளே பொதிந்திருப்பதால் அது கண்ணுக்குச் சரியாகவே தோன்றும், அச்சுக்கும் உதவும். ஆயினும் பழைய குறியீட்டில் உருவான பி.டி.எஃபில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. படியெடுத்து ஒட்டினால் குறிகளே வரும். ஆகவே யூனிகோட் உரையும் உடன் இருக்கவேண்டும்.

(எ) கையெழுத்துப் பதிவேட்டைக் கைவிடலாகாது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் திருமணப் பதிவேடு வைத்திருப்பதை ஆயரின் கடமையாக்குகிறது. நல்ல தாளில் நல்ல மையால் எழுதிய பதிவேட்டுக்கு இயங்குதளம் எதுவும் தேவையில்லை.

முடிவாக

பழைய மென்பொருள் இயங்குமா என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. 32 பிட் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸில் இயங்கும். 16 பிட் மென்பொருள்கள் இயங்கா. பூட்டுக்கருவியையும் பழைய இயக்கியையும் நம்பியவை ஐயத்துக்குரியவை. தமிழைப் பொறுத்தவரை மென்பொருள் இயங்கினாலும் எழுத்துரு இன்றேல் பயனில்லை. எனவே மென்பொருளின் ஆயுளோடு பதிவேட்டின் ஆயுளைக் கட்டிவைக்கலாகாது. எந்தக் கணிப்பொறியும் வாசிக்கும் பொது வடிவில் விவரங்கள் இருக்குமாயின், இயங்குதளம் எத்தனைமுறை மாறினும் அச்சம் இல்லை. மலையிலிருந்து இறங்கிவந்து தம் பெயரைக் கேட்கும் ஒருவருக்கு அதனைப் பிழையின்றி எடுத்துத் தருவது ஆயர் பணியின் ஒரு பகுதியாகும். அதற்கான உழைப்பைப் பழைய கணிப்பொறி இன்னும் இயங்கும்போதே தொடங்குதல் வேண்டும்.